இராசநாயகம் என்னும் குதிரைக்கு முப்பத்தொன்று செய்தது தொடர்பாக

பெயர்: சின்னத்தம்பி பொன்னம்பலம். வயது: ஐம்பத்தொன்பது, குளிர்காலத்தில் எழுபது. தொழில்: முன்னர் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் பொதிகள் பகுதி எழுதுவினைஞர், தற்போது பந்தயக் குதிரை லாயத்தில் சாணம் அள்ளுபவர். முகவரி: ரொறன்ரோ, மில்லிக்கன், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட, மருமகன் வீட்டு பேஸ்மென்ற். பதியப்பட்ட நாள்: 18.11.1996 திங்கட்கிழமை, காலை பத்து மணி. மொழிபெயர்ப்பாளர்: திரு. சுந்தர், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்.

நான் இத்தால் சத்தியம் செய்து உறுதிப்படுத்துவது என்னவென்றால், இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த அறையிலுள்ள பொலிஸ் அதிகாரி அம்மையாரோ, மொழிபெயர்ப்பாளர் தம்பியோ, சுவரில் தொங்கும் மகாராணியின் படமோ நம்பப்போவதில்லை. என் மனைவி மங்கையற்கரசி முப்பத்திரண்டு வருடமாக நான் சொன்ன எதையும் நம்பியவர் அல்ல. ஆனபடியால் எனக்கு இது பழகிய விடயம்.

என்னிடம் விசாரிக்கப்படுவது இரண்டு காரியம். ஒன்று, நேற்று முன்தினம் சனிக்கிழமை, பந்தயத் திடலின் பின்வாயிலில் அனுமதியில்லாமல் நானூறு பேரைக் கூட்டியது. மற்றது, இறந்துபோன குதிரையின் முகத்தில் மாட்டும் தோல்வார், பெயர் பொறித்த பித்தளைத் தகட்டுடன், லாயத்திலிருந்து காணாமற்போனது. குதிரையின் சொந்தக்காரர் ஒரு பல்வைத்தியர். தோல்வாரைத் தன்னுடைய கிளினிக் சுவரில் தொங்கவிட எண்ணியிருந்ததாகவும், குதிரையைப் பராமரித்த பஸ்ரியன்தான் அதை எடுத்திருக்க வேண்டும் என்றும் அவர் முறைப்பாடு செய்ததில், பஸ்ரியனின் வாயில் அனுமதி அட்டை அன்றைக்கே பறிக்கப்பட்டது. அந்த அட்டை இல்லாமல் ஒருவர் எந்த லாயத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. பஸ்ரியனின் பொறுப்பில் இரண்டு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றும் இருக்கிறது. அது அவருடைய கையால் அன்றி வேறு கையால் தீன் எடுக்காது. இன்றைக்கு மூன்றாம் நாள். ஆகையால் சுருக்கமாகச் சொல்வேன் என்று வாக்களித்து, விரிவாகத் தொடங்குகிறேன்.

1993ஆம் ஆண்டு மாசி மாதம், கேத்திலிலிருந்து ஊற்றிய தேத்தண்ணி கோப்பையை அடையுமுன் ஐஸ்பழமாகிக் கையில் நின்ற ஒரு காலையில், பஸ்ரியன் என்னை அந்த லாயத்துக்கு வேலைக்குக் கூட்டிச் சென்றார். பஸ்ரியன் நெடுந்தீவைச் சேர்ந்த வேதக்காரர். நெடுந்தீவில் காட்டுக்குதிரைகள் சொந்தக்காரர் எவரும் இல்லாமல் வெட்டைவெளியில் திரிவதை எங்கள் ஆட்கள் அறிவார்கள். அவற்றுக்கு நடுவில் வளர்ந்தவராதலால், பஸ்ரியன் கதவு தட்டாமலே குதிரையின் மனதுக்குள் போய்வரக் கூடியவர். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் கிளடிஸ் அம்மையார். இந்த நாட்டுக்காரி, அறுபத்தாறு வயது, ஒரு நாளைக்குப் பதினொரு சொல்லுக்கு மேல் செலவழிக்காதவர்.

அதன் பின்னர் குதிரையைக் கண்டேன். செம்பு நிறம், நெற்றியில் திருநீறு பூசினாற்போல் ஒரு வெள்ளை. உயரத்தைச் சொல்வதானால், முதலில் அதன் முதுகில் பனி கொட்டும், ஒரு கிழமை கழித்துத்தான் கீழே நிற்கும் எங்களுக்குக் கொட்டும். வேகத்தைச் சொல்வதானால், காலையில் அது ஓடி முடித்துத் தீன் தின்று படுத்த பின்னர், அதன் நிழல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னேரம் தனியாக நடந்து லாயத்துக்கு வரும். ஒரு முறை கடைசி வளைவில் அது விட்ட மூச்சில், பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று திரும்ப மேலே போய், எங்கே இறங்குவது என்று தெரியாமல் மொன்றியலில் இறங்கியது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் தம்பி பேனையை வைத்துவிட்டு, "சார், ரெக்கார்டுல முப்பத்தோரு ரேஸ் ஓடி நாலுதான் ஜெயிச்சதுன்னு இருக்கே?" என்று கேட்டார்.

"தம்பி, மற்ற இருபத்தேழிலயும் அவர் மற்றவைக்கு இடம் விட்டவர்" என்று விடை கூறினேன். அதையும் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பந்தயப் புத்தகத்தில் அதன் பெயர் 'லேற் ஃபோர் சப்பர்'. ராச் சாப்பாட்டுக்குப் பிந்தி வருபவன் என்று ஒரு சீவனைக் கூப்பிடுவது பாவம் என்று பஸ்ரியன் முதல் நாளே அதற்கு இராசநாயகம் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு நாளும் விடிய அதன் காதில், "என்ன இராசநாயகம், வாறீரோ ஓட?" என்று கேட்பார். அது தலையாட்டினால்தான் வெளியே கொண்டுபோவார். ஆட்டாத நாளில் கிளடிஸ் அம்மையாரும் வற்புறுத்த மாட்டார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அது என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பிட்டையும் வாழைப்பழத்தையும் முடித்து, சம்பலை மட்டும் நாகரிகமாக எனக்கு மிச்சம் வைத்தது. இதை வீட்டில் சொன்னபோது மங்கையற்கரசி நம்பவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து மூன்றரை வருடமாக அவர் இரண்டு பெட்டி கட்டித் தந்தார். ஒன்றில் உறைப்புப் போடுவதில்லை.

17.10.1996 வியாழக்கிழமை, நாலாவது ஓட்டத்தில், கடைசி வளைவில், எல்லாருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்த இராசநாயகத்தின் முன் இடது கால் முறிந்தது. அது விழவில்லை. மூன்று காலில் நின்று, முதுகிலிருந்த ஓட்டக்காரரை ஒரு குழந்தையை இறக்குவதுபோல இறக்கிவிட்டு, கூடியிருந்த இரண்டு இலட்சம் சனத்தையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. பின்னால் வந்த எட்டுக் குதிரைகளும் அதைக் கடக்க மரியாதை இடம்கொடாமல் நின்றுவிட்டன. அதன் பின்னர் பச்சைத் திரை கொண்டுவந்து சுற்றிக் கட்டினார்கள். திரைக்குள் மிருகவைத்தியரும், கிளடிஸ் அம்மையாரும், பஸ்ரியனும், நானும் இருந்தோம். இவ்விடத்தில் கூட்டிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மிருகவைத்தியரின் ஊசியோடு எல்லாம் முடிந்த பின்னர் பஸ்ரியன் தன்னுடைய குளிர்ச்சட்டையைக் கழற்றி அதன் கழுத்தின் மேல் போர்த்தினார். "குளிரும்" என்றார். அதன் பின்னர் லொறி வந்தது.

அடுத்த நாள் விடிய, பஸ்ரியன் வழக்கம்போல ஓட்ஸுக்குள் கரட் வெட்டிப் போட்டுக் கலந்து, வெறும் கொட்டிலுக்கு முன்னால் வாளியை வைத்தார். வைத்த பின்னர்தான் கண்டார். வாளியைத் திரும்ப எடுக்கவில்லை. கிளடிஸ் அம்மையார் வந்து பார்த்தார், அவரும் எடுக்கவில்லை. அப்போது தோல்வார் கொட்டில் கதவின் ஆணியில் தொங்கியதா என்று அதிகாரி அம்மையார் கேட்டார். ஓம், தொங்கியது. அது பின்னர் எப்படிக் காணாமற்போனது என்று கேட்டார். தெற்கே பறந்துகொண்டிருந்த கனடா வாத்து ஒன்று கீழே இறங்கி, பிரயாணத்துக்குப் பெல்ற் தேவை என்று சொல்லி எடுத்துப்போனது என்று கூறினேன். அவர் அதை எழுதவில்லை.

அதன் பின்னர் நான் பஸ்ரியனோடு சாணவண்டியடியில் நின்று கதைத்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "அண்ணை, ஊரில கேணியெல்லாம் வத்தின வருசம், வெட்டையில பதினொரு குதிரை செத்துக் கிடந்தது. ஒருத்தற்றையும் இல்லையெண்டபடியா ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்ல. நானும் செய்யேல்ல. இவரையும் இப்ப லொறி கொண்டு போயிட்டுது."

"நாங்கள் இருக்கிறம்தானே. முப்பத்தொண்டு செய்வம்" என்றேன்.

"குதிரைக்கோ?"

"மூண்டரை வருசம் என்ரை மனுசியின்ரை கையால சாப்பிட்டவர். உம்மட மச்சானுக்குச் செய்தனீர்தானே, அவன் என்னத்தை ஓடினவன்?"

மச்சானைப் பற்றிச் சொன்னதற்கு அவர் சிரித்தார். பதினெட்டு மணித்தியாலத்துக்குப் பின்னர் வந்த முதற் சிரிப்பு அது. சைவர்களாகிய எங்களுக்கும் வேதக்காரருக்கும் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு செய்வது பொதுவானபடியால், எங்களுக்குள் சமய வழக்கு எதுவும் எழவில்லை. நாள் எண்ணிப் பார்த்ததில் 16.11.1996 சனிக்கிழமை வந்தது.

அதன் பின்னர் செய்ததுதான் என்னுடைய பிழை. முப்பத்தொன்று என்றால் பேப்பரில் அறிவித்தல் போடவேண்டும், போடாவிட்டால் செத்தது செத்ததாகாது. நான் எழுதிக்கொடுத்த வாசகம் வருமாறு: 'ரொறன்ரோவை வதிவிடமாகக் கொண்ட இராசநாயகம் அவர்கள் 17.10.1996 அன்று கடமையின்போது அகால மரணமடைந்தார். அன்னார் இறுதிவரை பிரமச்சாரியாக வாழ்ந்தவரும், மது மாமிசம் தீண்டாதவரும், எவரையும் முந்தி நின்று இகழாதவரும், பஸ்ரியன், பொன்னம்பலம், கிளடிஸ் ஆகியோரின் ஆருயிர்த் தோழருமாவார். அன்னாரின் முப்பத்தோராம் நாள் நினைவும் மதிய போசனமும் பின்வரும் முகவரியில் நடைபெறும்.' இதில் ஒரு சொல்லாவது பொய்யென்று நிரூபிப்பவருக்கு என் இரண்டு மீசையையும் தருகிறேன்.

பேப்பர்க் கந்தோரில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அல்பேட் என்பவரிடம் வாசகத்தையும் படத்தையும் கொடுத்தேன். அவர் அந்தக் கிழமை பதினாலு மரண அறிவித்தல் கட்டியவர். படத்தை எடுத்து, எல்லாருக்கும் போடுகிற முட்டை வட்டத்துக்குள் வைத்து, இழுத்தும் நெரித்தும் பார்த்தார். பின்னர் தலை நிமிராமலே, "அண்ணை, இவற்றை முகம் வட்டத்துக்குள்ள அடங்குதில்லை. காதை வெட்டட்டோ, குத்துவிளக்கைப் போடட்டோ?" என்று கேட்டார்.

"காதை வெட்டாதையும்" என்றேன். குத்துவிளக்கு வந்தது.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. நல்ல காரியத்துக்கு அழைத்தால்தான் போவது. செத்தவீட்டுக்குக் கேள்விப்பட்டாலே போவது. போகாமல் விட்டால், நாளைக்குத் தன் வீட்டில் ஒன்று நடக்கும்போது யார் வருவார்கள் என்று ஒவ்வொருவரும் யோசிப்பார்கள். முகவரியைப் பார்த்தும் எவரும் சந்தேகப்படவில்லை. இந்த நகரில் எங்கள் கலியாணமும் சாமத்தியச் சடங்கும் பெயின்ற் கொம்பனிக்கும் கார் ரயர்க்கடைக்கும் நடுவில், ஹோல் என்னும் மண்டபங்களில் நடக்கின்றன. பந்தயத் திடலின் பின்வாயிலில் ஒரு ஹோல் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் எதிர்பார்த்தது ஆறு பேரை. மங்கையற்கரசி பன்னிரண்டு பேருக்குச் சமைத்து, வடையும் மோதகமும் தனித்தட்டில் கொண்டுவந்திருந்தார். வாயிலுக்கு வெளியே புல்லில் ஒரு மேசை போட்டு, வெள்ளை விரித்து, விளக்கு வைத்து, பஸ்ரியன் மெழுகுதிரியும் வைத்தார். பத்தே காலுக்கு முதலாவது வான் வந்தது. அதன் பின்னர் பிக்கரிங்கிலிருந்தும், றிச்மண்ட் ஹில்லிலிருந்தும், மில்லிக்கனிலிருந்தும் வந்த கார்கள் வீதியின் இரு பக்கமும் நின்று, வரிசையின் வால் ஏறத்தாழ வன்கூவரைத் தொட்டது. நானூறு பேர். எல்லாரும் கறுப்புக் குளிர்ச்சட்டை. பெரும்பாலானவர் கையில் சோற்றுத் தட்டு, கறித் தட்டு, போர்த்திய பிட்டு. செத்தவீட்டுக்கு வெறும் கையோடு போகக்கூடாது என்று அவரவர் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தவை.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒருவர் என் இரு கையையும் பிடித்து, "என்ன வருத்தம் ஆளுக்கு?" என்று கேட்டார்.

"கால்" என்றேன்.

"சுகரோ?"

"இல்லை. ஓட்டம்."

"ஓட்டம்தான். இஞ்ச ஆர் ஆறுதலா இருக்கினம்? ரெண்டு வேலை, மூண்டு வேலை. ஓடி ஓடியே போய்ச் சேருதுகள்" என்று அவர் கண்ணைத் துடைத்தார். அவருக்கு நான் என்ன மறுப்புச் சொல்வது?

அதன் பின்னர் பிக்கரிங்கைச் சேர்ந்த யோகமலர் என்ற அம்மா மேசைக்கு முன்னால் வந்து, "ஐயோ, போன மாதமும் கோயிலடியில கண்டனான், என்னைப் பாத்துச் சிரிச்ச மனுசன்!" என்று அழத் தொடங்கினார். ஒருவர் அழுதால் மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்கும் சனம் நாங்கள் அல்ல. அன்னார் ஒருவருக்கும் கெடுதல் நினையாதவர் என்றார்கள். தன் பாட்டில் இருப்பவர், குனிந்த தலை நிமிராமல் வேலை செய்பவர், தந்ததைத் தின்பவர் என்றார்கள். நானூறு பேரும் சொன்னதில் ஒன்றாவது இராசநாயகத்துக்குப் பொருந்தாமல் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டு நின்ற பஸ்ரியன் ஒவ்வொன்றுக்கும், "ஓம், ஓம், அப்பிடித்தான்" என்று தலையாட்டினார். நான் இயற்றிய இரங்கல் வெண்பாவையும் வாசித்தேன். மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கூட்டத்துக்குள் இருந்து சொன்னார். செத்தவீடு என்பதால் மன்னித்தேன்.

பன்னிரண்டு மணியளவில் கிளடிஸ் அம்மையார் வாயிலால் வெளியே வந்தார். சாணம் பட்ட ரப்பர் சப்பாத்து, கையில் சட்டம் போட்ட ஒரு படம். அந்தக் குளிரில் நானூறு பேர் கறுப்பு உடுத்து, தன்னுடைய குதிரைக்காகச் சோறு சுமந்து நிற்பதைக் கண்டு அவர் தொப்பியைக் கழற்றினார். இந்த ஊர்க் குதிரை எதற்கும் இவ்வளவு பேர் வந்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அத்தோடு அன்றைய பதினொரு சொல்லும் முடிந்தபடியால், படத்தை விளக்குக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதார்.

எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை, "அம்மா, இட்ஸ் எ ஹோஸ், குதிரை" என்றது. எல்லாரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பஸ்ரியன் இன்னொரு தரம் வெறும் கையோடு நிற்பார் என்று நினைத்தேன்.

பஸ்ரியன் முன்னுக்கு வந்தார். வெட்டையில் செத்த பதினொரு குதிரையைப் பற்றியும், லொறியைப் பற்றியும், எனக்குச் சொன்ன அதே அளவு சொல்லில் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. யோகமலர் அம்மா படத்துக்குக் கிட்டப் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். "அப்ப என்ன? சிரிச்ச முகம்தானே" என்றார். பின்னர் கூட்டத்தைப் பார்த்து, "என்ன எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வந்திட்டம். பூவைப் போட்டிட்டு இருந்து சாப்பிடுங்கோ. சோறு ஆறுது" என்று கட்டளையிட்டார். ஒருவரும் போகவில்லை. வரிசையாக வந்து பூப் போட்டார்கள். முதற் பூ படத்துக்கு. பலர் இரண்டாவது பூவும் போட்டார்கள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு மணிக்குப் பொலிசார் வந்தார்கள். இங்கே எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரி அம்மையாரும் அவர்களில் ஒருவர். அவர் எத்தனை வடை சாப்பிட்டார் என்பது விசாரணைக்கு அவசியமில்லை என்று அவரே கூறியதால் எண்ணிக்கையைத் தவிர்க்கிறேன். அதே நேரம் தோல்வாரை எடுத்துப்போக வந்த பல்வைத்தியர் ஆணியை வெறுமையாகக் கண்டு, பஸ்ரியனைக் கைகாட்டினார். பஸ்ரியன் தனக்குத் தெரியாது என்றார். அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெட்டைக் குதிரை நிற்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ் தரிப்புக்கு நடந்தார்.

அப்படியானால் தோல்வார் எங்கே என்று அதிகாரி அம்மையார் இரண்டாம் முறை கேட்டார். இராசநாயகம் தானே வந்து வாங்கிச் சென்றார், கையெழுத்தும் வைத்தார், குளம்பு அடையாளம் மழையில் அழிந்துவிட்டது என்றேன். மொழிபெயர்ப்பாளர் தம்பி, "சார், ப்ளீஸ். அந்த பஸ்ரியன் சார் வேலையே போயிடும் போல இருக்கு" என்றார். மூன்றாம் முறை கேட்டபோது பின்வருமாறு கூறினேன். சனிக்கிழமை காலையிலேயே அதை ஆணியிலிருந்து கழற்றி, வெறும் தட்டு ஒன்றுக்குள் வைத்து மூடி, எல்லாரும் போன பின்னர் மூன்று பஸ் மாறி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனேன். எங்கள் வழக்கத்தில் எதையாவது தண்ணீரில் விடவேண்டும், சாம்பலும் எலும்பும் லொறியோடு போய்விட்டபடியால் வேறு ஒன்றும் இருக்கவில்லை. முழங்கால் மட்டும் இறங்கினேன். உடனே ஏரி இரண்டாகப் பிளந்து, நுரையால் செய்த குதிரை ஒன்று எழும்பி, தோல்வாரைத் தானே முகத்தில் மாட்டிக்கொண்டு, கிழக்கு நோக்கி, அலைகள் அனைத்தையும் நாற்பது குதிரை நீளத்தால் தோற்கடித்து ஓடியது. ஓடும்போது அதற்குப் பின்னால் சிறிய குதிரைகள் பதினொன்று வந்தன. அதிகாரி அம்மையார் இதையும் எழுதவில்லை. மொழிபெயர்ப்பாளர் தம்பி மட்டும் எழுதினார்.

மேற்கண்டவை யாவும் எனக்கு உரத்து வாசித்துக் காட்டப்பட்டன. கேட்கும்போது எனக்கே நம்ப முடியவில்லை. முழுவதும் மெய் என்று ஒப்பமிடச் சொன்னார்கள், மனச்சாட்சி இடம்கொடுக்கவில்லை. முதுகில் கொட்டிய பனியையும், பிந்தி வந்த நிழலையும், மொன்றியலுக்குப் போன விமானத்தையும், வாத்தையும் அவர்கள் விரும்பினால் வெட்டிவிடலாம். ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டவேண்டாம். ஏரியிலிருந்து குதிரை எழும்பவில்லை. நான் தோல்வாரை எடுத்தது மெய், பஸ்ரியனுக்குச் சொல்லாதது மெய், சொன்னால் அது பல்வைத்தியரின் சுவருக்குப் போய்விடும் என்று அவரைக் கைகாட்டியபோதும் ஒப்புக்கொள்ளாதது மெய், முழங்கால் மட்டும் இறங்கி அதைத் தண்ணீரில் விட்டது மெய். பித்தளை பாரமானபடியால் உடனே தாண்டு அடியில் போய்விட்டது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சப்பாத்து இன்னும் காயவில்லை, மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

என்னுடைய வாயில் அனுமதி அட்டையை இத்துடன் ஒப்படைக்கிறேன். பஸ்ரியனுடையதை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கவும். பெட்டைக் குதிரைக்குப் பசிக்கும்.

(ஒப்பம்) சி. பொன்னம்பலம்